குழாய் இல்லாத சுவர்

குழாய்க்காரரின் மனைவி செத்துப்போன மறுநாள் அவர்கள் படுக்கையறைச் சுவரில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. அந்தச் சுவருக்குள் குழாய் எதுவும் கிடையாது. வீட்டுக்கு மொத்தக் குழாயும் போட்டவர் அவரேதான் என்பதால் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மேலே தொட்டி இல்லை, பின்பக்கம் குளியலறை இல்லை, மழை பெய்தும் வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் கட்டிலில் அவள் தலை வைத்துப் படுத்திருந்த பக்கம் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. வாரம் திரும்புவதற்குள் அது கதவளவுக்கு விரிந்து, அதோடு நின்றுகொண்டது.

அவள் செத்தது வாந்தி பேதியில். அந்தக் குளிர்காலத்தில் தெருவே அப்படித்தான் கிடந்தது. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் அவர் தொட்ட கைப்பிடியைத் தொட்டவருக்கு, அவர் கழுவாத கையால் பரிமாறியதைத் தின்றவருக்கு என்று வரிசையாக வந்தது. வந்தவர்கள் இரண்டு மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டு, எழுந்து வேலைக்குப் போனார்கள். யார் எத்தனை தடவை ஓடினார்கள் என்பது டீக்கடையில் கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது. அதனால் மனைவி படுத்தபோது குழாய்க்காரர் பதறவில்லை. ஒழுக்கைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கே ஒழுகினாலும் முதலில் மெயின் வால்வை மூடு, உள்ளே வருவது நின்றால் வெளியே போவதும் நிற்கும். அவர் தொழிலில் இது ஒருநாளும் பொய்த்ததில்லை. அவள் தண்ணீர் கேட்டாள். ஒரு தம்ளர் கொடுத்தார். மடமடவென்று குடித்தாள், குடித்த வேகத்தில் அத்தனையும் வெளியே வந்தது. அவ்வளவுதான், அவர் முடிவுக்கு வந்துவிட்டார். குடிப்பதுதான் திரும்பி வருகிறது, வயிறு கொஞ்சம் காயட்டும் என்று சொல்லி, நாலு வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, குடத்தைக் கவிழ்த்து வைத்து, தான் இல்லாத நேரத்தில் அவள் எழுந்து குடித்துவிடக் கூடாதே என்று வாசலில் இருந்த மெயின் வால்வையும் மூடிவிட்டு வேலைக்குப் போனார். பாவி மனுஷன், அக்கறையில்தான் செய்தார். திரும்பி வந்தபோதும் கேட்டாள். கேட்கக் கேட்க, காலையில் தருகிறேன் என்றார். மறுநாள் அவளுக்குக் கண் குழி விழுந்து, நாக்கு அட்டை மாதிரி காய்ந்து, சிறுநீர் போவதும் நின்றது. அதைப் பார்த்து மனசு குளிர்ந்துபோய்ப் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார், "ஒழுக்கு நின்னுடுச்சு." அன்று சாயங்காலமே அவள் போய்விட்டாள்.

வெளியூரில் மருந்துக்கடையில் வேலை பார்த்த மச்சினி வந்து, அக்காவின் உலர்ந்த உதட்டைப் பார்த்தாள். நடந்ததை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டாள். அழுது முடித்துவிட்டு, அக்கா தண்ணி கேட்டாளா என்று விசாரித்தாள். கேட்டாள் என்றார். எத்தனை தடவை என்றாள். அவர் எண்ணவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அக்கா மகளோடு போனில் பேசுவதோடு சரி.

சுவர் மட்டும் விடவில்லை. குழாய்க்காரர் அதைக் கொத்திப் பார்த்தார். உள்ளே செங்கல் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது, ஈரம் மேல்பூச்சில் மட்டும்தான். நீர் புகாத சிமெண்ட் வைத்துப் பூசினார், தார் அடித்தார், பலகை வைத்து மறைத்தார். பலகை நனைந்தது. கூடத் தொழில் செய்பவர்கள் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, ஊர் ஒழுக்கையெல்லாம் அடைக்கிறவர் வீட்டிலேயே இப்படியா என்று சிரித்தார்கள். வருஷங்கள் போயின. சுவரில் பாசி பிடிக்கவில்லை, நாற்றமும் இல்லை. மகள் அந்த ஈரத்தில் விரலால் கணக்குப் போட்டுப் படித்து ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஊரிலும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷக் குளிரில் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். குழாய்க்காரரின் மகளும் மதியமே வீட்டுக்கு வந்து படுத்தாள். குடித்த தண்ணீரைக் கக்கினாள், மறுபடி கேட்டாள். அவர் வாசலுக்குப் போனார். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் கை தானாக மெயின் வால்வைத் திருகி மூடியிருந்தது, பழக்கம் அப்படி. உள்ளே வந்தால் சுவர் ஒழுகிக்கொண்டிருந்தது. கசிவு இல்லை, ஓட்டம். வீட்டில் ஒரு குழாயில்கூடச் சொட்டு இல்லாதபோது தரையெல்லாம் தண்ணீர் நின்றது. குழாய்க்காரர் அதில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். எழுந்துபோய் வால்வைத் திறக்கவும் பயம், திறக்காமல் இருக்கவும் பயம். இவளும் போய்விட்டால் தான் இருந்து என்ன பண்ணுவது என்று அவர் வாய்விட்டே சொன்னதை மகள் கேட்டாள். அவள்தான் படுத்தபடியே சித்திக்குப் போன் போட்டாள்.

மச்சினி அடுத்த பஸ்ஸிலேயே வந்தாள். வாசலிலேயே வால்வைத் திறந்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள், அவரையும் கழுவ வைத்தாள். மாத்திரை ஏதும் கொண்டுவரவில்லையா என்று அவர் கேட்டதற்கு, இந்தக் கிருமியைக் கொல்ல மாத்திரை கிடையாது, அது தானாகத்தான் போகும், அதுவரைக்கும் உடம்பு காயாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் என்று உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைக் கரைத்தாள். குழாய்க்காரர் அதைப் பார்த்ததும், கொடுத்தால் கக்கிவிடுவாளே, ஒழுக்கு அதிகமாகுமே என்று இழுத்தார்.

"ஒழுகுறது குழாய் இல்ல மாமா, மூடுறதுக்கு," என்றாள். "இது விரிசல் விட்ட தொட்டி. விரிசல் தானா அடையுற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருக்கணும். அதுவும் தம்ளர் தம்ளரா இல்ல, ஸ்பூன் ஸ்பூனா."

ஸ்பூனை அவர் கையில் கொடுத்தாள். கக்கினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும், சிறுநீர் போகிறாளா என்று பார்க்க வேண்டும், ரத்தம் தெரிந்தாலோ எழுப்பினாலும் எழாமல் கண் சொருகினாலோ ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஆஸ்பத்திரி. வாசலில் ஆட்டோவைக்கூடச் சொல்லி நிறுத்தி வைத்தாள். அவர் முதல் ஸ்பூனைக் கொடுத்தார். சுவரில் ஓட்டம் நின்றது. அடுத்த ஸ்பூனுக்கு ஈரத்தின் ஓரம் விரற்கடை உள்வாங்கியது. கண் மயக்கம் என்று நினைத்தார். மச்சினியைப் பார்த்தார், அவளும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கக்கியபோது ஈரம் பழையபடி விரிந்தது. பொறுத்திருந்து மறுபடி கொடுத்தார். இப்படிக் கதவளவு இருந்தது ஜன்னலளவாகி, ஜன்னலளவு இருந்தது தட்டளவானது. அவர் அழுதுகொண்டே கொடுத்தார். தெரியாமப் பண்ணிட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சொம்பு காலியானதும் மச்சினி அடுத்த பொட்டலத்தைக் கரைத்தாள்.

மகள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனாள். உள்ளேயிருந்து சிறுநீர் போகிற சத்தம் கேட்டது. ஆயுசு முழுக்கத் தண்ணீர்ச் சத்தத்தை நிறுத்தியே பிழைத்த மனுஷர், அந்தச் சத்தம் நிற்கக் கூடாதே என்று கதவுக்கு வெளியே கைகூப்பி நின்றார்.

மகள் பிழைத்துக்கொண்டாள். சுவரும் காய்ந்தது, ஒரு தம்ளர் வாய் அளவுக்கு ஒரே ஒரு வட்டத்தைத் தவிர. மகள் உடம்பு தேறியதும் அதையும் போக்கிவிடலாம் என்று சுவர் முன்னால் நின்று தம்ளர் தம்ளராகக் குடித்துப் பார்த்தாள். வட்டம் அசையவில்லை.

"இது மட்டும் ஏம்ப்பா காயல?"

"அது நீ குடிக்க வேண்டியது இல்லம்மா," என்றார் குழாய்க்காரர். "அம்மா கடைசியா கேட்டது."

கோடையில் வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். வெள்ளையடிக்க வந்தவர், இந்த இடம் ஈரமாக இருக்கிறதே, என்ன செய்வது என்று கேட்டார். லீவுக்கு வந்திருந்த மச்சினி, அதை விட்டுவிட்டு அடிங்க என்றாள். அவரும் அதைச் சுற்றி வட்டமாக அடித்துவிட்டு அடுத்த சுவருக்குப் போனார்.