எங்கள் வகையறாவில் நெஞ்சுவலி கிடையாது

மீன்சுருட்டி இளையபெருமாளுக்கு எழுபத்தேழு வயது. சிறுநீரகக் கல்லை எடுப்பதற்காகப் பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். மறுநாள் காலை ஆபரேஷன். கல்லுக்கு அவர் அஞ்சவில்லை. கட்டிலோரம் ஆப்பிள் பையோடு உட்கார்ந்திருந்த ஆண்டிமடத்துச் சம்பந்தி முருகையனுக்குத்தான் அஞ்சினார்.

பேத்தி லாவண்யாவுக்கும் முருகையன் மகனுக்கும் நிச்சயம் முடிந்திருந்தது, தையில் கல்யாணம். நிச்சயத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன், "எங்க வகையறாவுல நெஞ்சுவலின்னு படுத்தவன் ஒருத்தன் கிடையாது" என்று சபையில் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னவர் இளையபெருமாள். நடந்தது வேறு. இரண்டு வருடத்துக்கு முன், சமயபுரத்துக்கு வேண்டுதல் என்று மனைவி லீலாவதியோடு பஸ் ஏறியவர், திருச்சியில் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, நாலாம் நாள் குங்குமப் பொட்டலத்தோடு வீடு திரும்பினார். அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்கத் தினம் மாத்திரை. வீட்டில் அதற்குச் சத்து மாத்திரை என்று பெயர்.

டாக்டர் மணிமொழி வந்தார். "ஐயா, கல்லை எடுத்துடலாம். ஆனா இந்த வயசுல ரத்தம் நிக்காமப் போறதும், கிருமி ரத்தத்துல ஏறிடறதும்தான் எங்களுக்குப் பயம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

முருகையனின் காது நீண்டது.

"சத்து மாத்திரைதாம்மா."

டாக்டர் நகர்ந்ததும் லீலாவதி அவர் காதோரம் குனிந்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா? நாளைக்கு ரத்தம் நிக்கலன்னா உங்க மானத்தை வச்சா கட்டுப் போடுவாங்க?"

சொல்லிவிட அவரும் தயார்தான். சம்பந்தியைக் கொஞ்ச நேரம் வெளியே கிளப்பிவிட்டால் போதும்.

"சம்பந்தி, ஒரு இளநி குடிச்சா தேவலை."

"சீவியே வாங்கியாந்துட்டேன், குடிங்க."

"இன்னைக்குப் பேப்பர் பாக்கலை."

"போன்ல வாசிச்சுக் காட்டுறேன்."

"நீங்களாவது போய்ச் சாப்பிட்டு வாங்க."

"உங்களை இப்படிப் போட்டுட்டு எனக்குச் சோறு எறங்குமாங்க?"

சம்பந்தி படுத்திருக்கும்போது எழுந்து போவது முருகையன் வீட்டு மரியாதையில் சேர்த்தியில்லை. இளையபெருமாள் கடைசியில் ஒரு சீட்டில் எழுதி, நாலாக மடித்து, நர்ஸ் வளர்மதியிடம் நீட்டினார். காது மந்தமான கிழவர்களோடு பேசிப் பேசி உயர்ந்துபோன குரல் அவளுடையது.

"என்ன தாத்தா, நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட்டா? சம்பந்திக்குத் தெரியக் கூடாதா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. முருகையன் எழுந்தார். கல்யாணம் போயிற்று என்று இளையபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார்.

மெத்தையில் ஏதோ விழுந்தது. பார்த்தால் மாத்திரை அட்டை.

"நீங்க சாப்பிடுறதும் இதுதானே?" என்றார் முருகையன். "தட்டு மாத்துறதுக்கு முந்தியே நீங்க அப்படி அளந்துட்டீங்க. அப்புறம் நான் எங்க வாயைத் தெறக்குறது? உங்களுக்கு ரெண்டு. எனக்கு மூணு."

ஓடி வந்த டாக்டர் திட்டித் தீர்த்தார். ஆபரேஷன் தள்ளிப் போனது. "இதய டாக்டரைக் கேட்டுத்தான் தேதி. அதுவரை நீங்களா மாத்திரையை நிறுத்திடக் கூடாது."

இளையபெருமாள் நல்ல பிள்ளைபோல் தலையாட்டினார். ஆனால் அந்த மூணு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, என் கல்லு எத்தனை மில்லிமீட்டர்?"

"பதினெட்டு."

"சம்பந்தி, உங்களுக்குக் கல்லு உண்டா?"

"இல்லீங்க."

இளையபெருமாள் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டார்.

"எங்க வகையறாவுல எல்லாருக்கும் உண்டு."