வடையைப் பார்க்க ஒரு கெமரா

சப்ரகமுவ மாகாணத்திலேயே பொய் சொல்ல முடியாத ஒரே சாப்பாட்டுக் கடையாகத் தன் கடை மாறப்போகிறது என்று ரெஜினோல்ட் அறிவித்தபோது, கேட்க இருந்தவர்கள் மனைவி எஸ்தரும் ஒரு பூனையும்தான். பூனை எழுந்து போய்விட்டது.

பலாங்கொடையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில், ஒரு வளைவில் இருந்தது கடை. காலை பஸ் அங்கே டீக்கு நிற்கும். பஸ் நின்றால்தான் அது கடை. நிற்காவிட்டால் நாலு மேசைக்கு மேல் ஒரு தகரக் கூரை. ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் வடை, ரோல்ஸ், பட்டிஸ் எல்லாம் ஒரே தட்டில் குவிந்து மேசைக்கு வரும். தின்றதற்கு மட்டும் காசு. எஸ்தர் தட்டைப் பார்க்கமாட்டாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "என்னென்ன எடுத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்பாள். அவர்கள் சொன்னதுதான் கணக்கு.

"நீ என்ன சுவாமியாரா? அவங்க ஒன்கிட்ட பாவத்த சொல்லி பாவசங்கீர்த்தனமா பண்ணுறாங்க?" ரெஜினோல்ட் கண்ணைத் தாழ்த்தி, கன்னத்தில் கை வைத்து, அவளைப் போலவே பேசிக் காட்டுவான். "என்னென்ன எடுத்தீங்க, மகனே?"

"எடுத்தத சொல்றாங்கதானே. பின்னால காஸ் சிலிண்டர் ரெண்டும் வெளியில கெடக்கு. கெமரா வாங்கினா அங்க பூட்டுங்க."

"சிலிண்டர யாரு திம்பா?"

பலாங்கொடை டவுனில் கெமரா விற்கும் றினாஸ், பெட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தான்.

"எதப் பார்க்கணும் அண்ணே? கல்லாவா, பின்கதவா?"

"வடை."

றினாஸ் நல்ல வியாபாரி. முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. "ஆள் அசைஞ்சா மட்டும் பதிவாகிற மாதிரி சொப்ட்வெயார் இருக்கு. இடம் மிச்சம்."

"வடை அசைஞ்சாலும் பதிவாகணும்."

"அப்ப எந்நேரமும் ஓடட்டும். எத்தன நாளைக்கு வீடியோ இருக்கணும்? அதுக்கேத்த ஹார்ட் டிஸ்க் போடணும்."

"ஒரு மாசம்."

"அதுக்குள்ள செமிச்சிருமே அண்ணே."

கெமரா மேசைகளைப் பார்த்தபடி ஏறியது. பெரிய திரை ஒன்று, மாதா படத்துக்குப் பக்கத்தில்.

மறுநாள் பஸ் நின்றது. டிரைவர் ஜவ்பர் நானா, டிரைவருக்கு ஓசிச் சாப்பாடு கொடுக்கும் கடைகளைத் தாண்டி வந்து, இங்கே காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர். எழும்பும்போது தானாகவே, "மூணு வடை" என்றார்.

"ஒரு நிமிஷம் நானா."

ரெஜினோல்ட் மவுஸை இழுத்து வீடியோவைப் பின்னோக்கி ஓட்டினான். திரையில் வடை ஜவ்பர் நானாவின் வாயிலிருந்து முழுசாக வெளியே வந்து தட்டில் படுத்துக்கொண்டது. பிறகு முன்னோக்கி ஓடியது. அவருடைய தாடை தலையணை அளவுக்குப் பெரிதாகி அசைவதை பஸ் சனம் முழுக்க நின்று பார்த்தது.

"ரெண்டுதான் நானா!" ரெஜினோல்ட் துள்ளினான். "பார்த்தீங்களா, பொய்யே சொல்ல முடியாது!"

"நேத்து ஒன்ன சொல்ல மறந்துட்டேன் மொதலாளி. அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

மூன்றுக்கும் காசை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பஸ் ஹோன் அடித்துக்கொண்டே கடையைத் தாண்டியது. அதற்கடுத்த நாள் ஹோனும் இல்லை. பஸ்ஸை நம்பி மேசையில் வைத்த வடைக் குவியல் திரையில் அசையாமல் இருந்தது.

"ரொம்பத் தெளிவா தெரியுதுங்க" என்றாள் எஸ்தர். அவள் முகத்தில் நையாண்டி இருக்கிறதா என்று தேடினான். கிடைக்கவில்லை.

பின்னேரம் ஏணி போட்டு, கெமராவைக் கழற்றிப் பின்கதவுக்கு மேல் பூட்டினான். "ஒரு சிலிண்டர் என்ன விலைன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கீழே பார்த்து எஸ்தருக்கு விளக்கினான். அவள் தெரியாது என்று சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் வளைவில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினான். பயணி என்று நினைத்து பஸ் நின்றது.

"எங்க போகணும்?" என்றார் கண்டக்டர்.

"எங்கயும் இல்ல. டீ கொதிக்குது."

ஜவ்பர் நானா ஜன்னலால் தலையை நீட்டினார். "ஒங்க கடையில வாயத் தொறக்கவே கூச்சமா இருக்கு மொதலாளி. நான் மெல்லுறத ஊரே பார்த்துச்சு."

"கெமரா இப்ப பின்கதவுல. சிலிண்டர் மட்டுந்தான் தெரியும் நானா. அது மெல்லாது."

ஜவ்பர் நானா சிரிப்பை அடக்கப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார்.

மேசைகள் நிறைந்தன. எஸ்தருக்கு டீ ஆற்றவே இரண்டு கை போதவில்லை. ஜவ்பர் நானா கை கழுவிவிட்டு வந்து நின்றார். ரெஜினோல்ட் தட்டின் பக்கமே திரும்பவில்லை. பாதைக்கு அப்பால் தேயிலை மலையில் எதையோ பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"என்னென்ன எடுத்தீங்க, நானா?"