ஆசாரி ஊதப் போயிருக்கிறார்

1967ஆம் வருஷம் ஐப்பசி பதினெட்டாம் தேதி, காலை ஐந்து மணிக்கு என் மனைவி அழகம்மாளுக்கு அந்த வருஷத்து மூச்சிழுப்பு தொடங்கியது. தேதி இவ்வளவு சரியாக இருப்பதற்குக் காரணம் ஒரு நோட்டு. டாக்டர்தான் வைக்கச் சொன்னார்.

"எப்ப வருது, எப்ப விடுது, முதல் நாள் என்ன சாப்பிட்டாங்க, மழையா வெயிலா, எல்லாத்தையும் எழுதிக் கொண்டாங்க சார். எதனால வருதுன்னு அப்பதான் பிடிக்கலாம்."

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியன். கோடு போட்டு எழுதச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிடும். நாற்பது பக்க நோட்டில் ஐந்து பத்தி பிரித்தேன். கடைசிப் பத்திக்கு 'குறைந்ததா?' என்று தலைப்பு எழுதினேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார், அழகம்மாளை வெளியே உட்காரவைத்துவிட்டு. "போன மார்கழியையே ரொம்பச் சிரமப்பட்டுத்தான் தாண்டினாங்க. இந்தப் பனியும் அப்படி இருந்தா இருதயம் தாங்குமான்னு சொல்றதுக்கில்லை. புகை மட்டும் ஆகவே ஆகாது."

அன்றே விறகடுப்பை நிறுத்தி மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினேன். சாமிக்கு ஊதுபத்தி நின்றது. பீடியோடு வருகிற பால்காரரிடம் அதைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு வரச் சொன்னேன். மிச்சமிருந்தது பக்கத்து வீட்டுப் புகை.

செக்காலை ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் வீடும் வயிரவன் ஆசாரி வீடும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டவை. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய நகைப் பட்டறை. விடியுமுன்னே கரியடுப்பைப் பற்றவைத்துச் சுத்தியலை எடுத்துவிடுவார். மழைக்காலத்தில் அந்தப் புகை மேலே போகாது. எங்கள் வாசலில் இறங்கி, யாரையோ பார்க்க வந்ததுபோல் நிற்கும்.

அடுப்பை அணையுங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து ஏறக்குறைய நாலு வருஷம் அந்த மனிதருக்குத் தொழில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கடலை வறுத்தார். "தங்கத்தை உருக்குன கை சார், கடலையத் தீயவிடுமா?" என்று சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டுவார். சட்டம் தளர்ந்து, இப்போதுதான் முதல் பெரிய வேலை வந்திருந்தது. ஒக்கூரில் ஒரு செட்டியார் வீட்டுத் தைக் கல்யாணத்துக்குக் கழுத்துரு. மணப்பெண் கழுத்தில் ஏறுகிற தாலி அது. முப்பதுக்கு மேற்பட்ட உருப்படிகளைத் தனித்தனியாகச் செய்து கோக்க வேண்டும்.

நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் கடிதம் எழுதினேன். மூன்று முறை எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கடிதம் எழுதுகிற கோழைத்தனம் எனக்கே வெட்கமாக இருந்தது.

கார்த்திகை மூன்றாம் நாள் காலை. அழகம்மாள் நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து, மேசைமேல் தலையணை வைத்து அதில் நெற்றியை ஊன்றியிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. நான் முதுகில் கைவைத்திருந்தேன். அந்தக் கை ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குக் கொஞ்சம் விட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"வாங்க சார். எதுக்கு நிக்கிறீக, உக்காருங்க" என்றார் ஆசாரி, இடுக்கியைக் கீழே வைக்காமல்.

நின்றபடியே சொல்லி முடித்தேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்தேன். அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"ஏன் சார், இத்தனை நாளா இதையா மென்னு முழுங்கிக்கிட்டு இருந்தீக? ஏ நாகவல்லி, கிணத்தடிக் கொட்டகையக் கூட்டு. பட்டறை அங்குட்டுப் போகுது."

"மழையில கிணத்தடியிலயா?" உள்ளேயிருந்து அவர் மனைவி நாகவல்லியின் குரல் வந்தது. "அங்க தவளை உக்கார எடமில்லை, நீங்க உக்காரப் போறீகளா?"

"தவளைய இங்குட்டு வரச் சொல்லு. வாடகை கேக்க மாட்டேன்."

அன்று மத்தியானத்துக்குள் அடுப்பும், நகையை வைத்துத் தட்டுகிற பட்டடையும் பின்பக்கம் போய்விட்டன. எங்கள் வாசலில் புகை இல்லை. நோட்டில் அதைச் சிவப்பு மையால் எழுதினேன். அழகம்மாளிடம் சொல்லவில்லை, சொன்னால் தடுத்திருப்பாள்.

பத்து நாள் பார்த்தேன். 'குறைந்ததா?' என்ற பத்தியில் பத்துத் தடவை 'இல்லை' என்று எழுதினேன். ஒன்பதாம் நாள் முந்தைய நாட்களைவிட அதிகம். ஊசி போட்டும் பத்து மணிவரை விடவில்லை.

பதினோராம் நாள் இழுப்புக்கு நடுவிலேயே அவள் கேட்டாள், துண்டு துண்டாக.

"ஆசாரி வீட்ல... யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா? சுத்தியச் சத்தமே... காணோமே."

இனி மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவள் தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கினாள்.

"யாரைக் கேட்டு... போனீக?"

"டாக்டர் புகை ஆகாதுன்னாரு..."

"புகை இல்லாம பத்து நாளா... ஓடியா விளையாடுறேன்?"

மூச்சுக்காகக் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு சொன்னாள். அவ்வளவு நேரமும் நான் முதுகில் கைவைத்துக்கொண்டு நிற்கையில் அவளுக்குத் துணை அந்தச் சத்தம்தானாம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒரு மூச்சை இழுத்துவிட வேண்டும் என்று கணக்கு. இழுத்துவிட்டால் அடுத்ததும் வரும் என்று ஒரு நம்பிக்கை. அவர் தட்டுவதை நிறுத்தி அடுப்பைக் குழல் வைத்து ஊதும்போது, அவருக்கும் மூச்சு வாங்குமே என்று நினைத்துக்கொள்வாளாம்.

"அவரும் ஊதுறாரு... நானும் ஊதுறேன். அவருக்காச்சும்... ஒரு நகை மிஞ்சுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, மறுபடி தலையணையில் கவிழ்ந்தாள். நோட்டை மூடினேன். பத்து நாளில் நான் செய்ததெல்லாம் அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிற்றை அறுத்தது.

அன்று மாலை மறுபடி ஆசாரி வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் கொட்டகை ஓலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆசாரி தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு விரல்களை அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்," என்றாள் நாகவல்லி. "ஒட்டுப் பத்தவைக்கும்போது மழைச் சொட்டு விழுந்து ஒரு உரு வெடிச்சுப்போச்சு. மறுபடியும் உருக்கிச் செய்யணும். இவரு உங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்கிறாரு. நான் சொல்லுவேன்."

"நீ சொல்லாட்டி அந்த ஓலை சொல்லிருக்கும்" என்றார் ஆசாரி.

நான் தப்பு செய்துவிட்டேன் என்றேன். புகையில்லாமலும் இழுப்பு நிற்கவில்லை, பனியும் அவள் நெஞ்சும்தான் காரணம், உங்களை வீணாக நனையவைத்தேன் என்றேன். சத்தத்தைப் பற்றி அவள் சொன்னதையும் சொன்னேன். 

ஆசாரி கோணியை எடுத்துக் கீழே வைத்தார்.

"எத்தனை மணிக்கு சார் வருது அவுகளுக்கு?"

"அஞ்சு மணிக்கு."

"அஞ்சுக்கே உக்காந்துர்றேன். தட்டுற வேலை, அரத்தால ராவுற வேலையெல்லாம் முன்னால. அடுப்பு இங்குட்டே கெடக்கட்டும், ஊதுறதுக்கு மட்டும் வந்து போறேன். டாக்டர் சொன்னதத் தட்ட வேணாம்."

"இங்கிட்டும் அங்கிட்டும் ஓடி, கல்யாணத்துக்குள்ள முடிச்ச மாதிரிதான்" என்றாள் நாகவல்லி. சொல்லிக்கொண்டே பட்டடையின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். மறுபக்கத்தை நான் பிடித்தேன்.

இப்போது மார்கழி பிறந்து எட்டு நாள். ஐந்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு விழத் தொடங்குகிறது. இழுப்பு குறையவில்லை, டாக்டரும் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஊசியைக் கூட்டியிருக்கிறார். பனி விட இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. கழுத்துருவோ தைக்குள் முடிந்துவிடும். அதற்குமேல் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இன்று காலை வெந்நீர் வேண்டுமா என்று குனிந்து கேட்டேன். பேசாதீர்கள் என்று ஒரு விரலைத் தூக்கினாள். அந்தப் பக்கம் சத்தம் நின்றிருந்தது. அவள் தோள்கள் மேலேறியபடி நின்றன. என் கை அவள் முதுகில் இருந்தது. முதுகுக்குள்ளே காற்று வழி தேடுவது உள்ளங்கையில் தெரிந்தது.

"ஊதப் போயிருக்காரு" என்றாள் மெல்ல.

இரண்டு பேரும் காத்திருந்தோம். பின்கட்டிலிருந்து செருப்புச் சத்தம் வந்தது. அவர் உட்காருகிற பலகை கிரீச்சிட்டது. பிறகு ஒரு தட்டு.

அவள் மூச்சை இழுத்தாள்.