சிவநேசனின் பாதி

ஜித்ராவில் தாமான் குடியிருப்பு வீட்டின் முன்னறையில் வாசுகி தையல் மெஷின் போட்டிருந்தாள். கல்யாண ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்து தருவது அவள் தொழில். பூ வடிவங்களெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தன. அங்கிருந்துதான் மெஷினுக்குப் போகும். அந்தக் கம்ப்யூட்டரை அவள் கணவர் சிவநேசன் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு பாதியில் அவளுடைய விண்டோஸ், மறு பாதியில் அவருடைய லினக்ஸ். போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். அவள் தன்னுடையதைத் தட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

சிவநேசன் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். சென்ற தீபாவளிக்குப் பிறகு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. எதைக் கேட்டாலும் "ஆமா" என்று ஒரு சொல் மட்டும் வரும். எழுத்தைக் காட்டினால் கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

வாசுகியின் பாதியில் இடம் நிறைந்துவிட்டது. அவள் அக்கா மகன் தினேஸ்வரன், "சித்தப்பா பக்கம் சும்மாதானே இருக்கு சின்னம்மா. கொஞ்சம் வெட்டி உங்க பக்கம் சேர்த்துடுறேன்லா" என்றான். அவளும் சரியென்றாள். வெட்டி, நகர்த்தி, வேலை முடிந்ததென்று போய்விட்டான். மறுநாள் காலையில் போட்டால் கறுப்புத் திரை. மேலே ஆங்கிலத்தில் ஏதோ பிழை என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அதே கறுப்புதான்.

சனிக்கிழமை மத்தியானம் மணியம் வந்தார். சிவநேசனோடு அதே கல்லூரியில் வேலை பார்த்தவர். கோலா கெடாவில் வீடு. கையில் மீன் பொட்டலம் இருந்தது. அதை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"ஒண்ணும் அழியல, வாசுகி. எதைத் திறக்கணும்ங்கிற குறிப்பு நேசன் பக்கத்துலதான் இருக்கு. அதை நகர்த்தினதும் அதோட நம்பர் மாறிப்போச்சு. பழைய நம்பர்லயே போய்த் தேடுது."

"சரிபண்ண முடியுமாண்ணே?"

"முடியும்." அவர் சற்று யோசித்தார். பிறகு எழுந்து போய், சிவநேசனின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து மேசை முன்னால் நிறுத்தினார். "கூடத்துல இந்த மாதிரி நின்னுபோனா உன்னைத்தானே கூப்பிடுவோம், நேசா. நீயே பாரு."

சிவநேசன் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, ஒற்றை விரலால் எல் தட்டினார், எஸ் தட்டினார். எண்டரை அழுத்தினார். டிஸ்கின் பகுதிகளெல்லாம் வரிசையாகத் திரையில் வந்து விழுந்தன.

"பார்த்தியா வாசுகி, முதல்ல செய்யவேண்டியது அதான்" என்றார் மணியம்.

வாசுகி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதமாக அவள் பார்க்காத சிரிப்பு சிவநேசனின் பாதி முகத்தில் இருந்தது. அவர் மறுபடியும் எல் தட்டினார், எஸ் தட்டினார். அதே வரிசை வந்தது. மறுபடியும். மறுபடியும். திரை நிறைந்து மேலே ஓடியது. அவர் சிரித்தபடியே தட்டிக்கொண்டிருந்தார்.

மணியம் அவர் கையைப் பிடித்து மெல்ல விலக்கினார். "போதும்டா. மிச்சத்தை நான் பார்க்கிறேன்."

புது நம்பரைக் கண்டுபிடித்து நாலைந்து வரி தட்டியதும், எது வேண்டும் என்று கேட்கும் பழைய திரை வந்துவிட்டது. ஆனால் இது நிலைக்க வேண்டுமானால் சிவநேசனின் பக்கத்துக்குள் போக வேண்டும். அது பாஸ்வர்டு கேட்டது.

"ஞாபகம் இருக்கா நேசா?"

"ஆமா" என்றார் சிவநேசன். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தார்.

மணியம் வேறு வழியாகப் போய்ப் பாஸ்வர்டை மாற்றினார். உள்ளே திறந்தது. வாசுகி அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. கோப்புகள், அமைப்புகள், தேடு, மூடு என்று எல்லாமே தமிழில் இருந்தன.

"தமிழ்லயா?"

"உனக்குத் தெரியாதா? உலகம் பூராவும் ஆளுங்க சம்பளமில்லாம இதைத் தமிழாக்குறாங்க. இவனும் அதுல ஒருத்தன். ஒரு சொல்லுக்காக என்கிட்ட மணிக்கணக்கா சண்டை போடுவான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அவளை அழைத்தது நினைவுக்கு வந்தது. வந்து பாரேன் என்பார். ஊசி மாத்தணும், இருங்க என்பாள். அவரும் விட்டுவிடுவார்.

மணியம் ஒரு கோப்பைத் திறந்தார். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். பாதிவரை நிரம்பியிருந்தது. அதற்குக் கீழே வலப்பக்கம் வெறுமையாகப் போய்க்கொண்டே இருந்தது. சிவநேசன் அதையும் பார்த்தார், சுவரில் ஓடிய பல்லியையும் பார்த்தார். இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தார்.

"இன்னும் இடம் வேணும்னா இவன் பக்கத்தை எடுத்துடலாம். இதெல்லாம் அந்தத் தமிழாக்குறவங்க இணையதளத்துலயும் இருக்கும்" என்றார் மணியம்.

"வேணாண்ணே. எனக்கு வேற டிஸ்க் வாங்கிப் போட்டுக்கலாம்."

அன்றிலிருந்து காலையில் வாசுகி தன் பாதியைத் திறந்து ரவிக்கை வேலை பார்க்கிறாள். மத்தியானம், சாப்பாட்டுக்குப் பின், அவருடைய பாதியைத் திறந்து அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். பேச்சுப் பயிற்சி தரும் பெண், பழகின சொற்களாக வாசித்துக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தாள். இவருக்குத் தானே தமிழாக்கிய இவற்றைவிடப் பழகின சொல் எது? அவள் விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசிப்பாள். அவர் உதட்டைக்கூட அசைக்கமாட்டார். சில நாள் தூங்கிவிடுவார்.

மழை வரும்போல் இருட்டிக்கிடந்த ஒரு மத்தியானத்தில், "சேமி" என்று வாசித்து அவள் அடுத்ததற்குப் போனபோது, "மூடு" என்றார்.

தெளிவான சொல். அவருடைய பழைய குரல். வாசுகி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் அவள் விரலைத் திரையிலிருந்து தள்ளினார்.

"சரிங்க" என்றாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். அவரைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் பின்பக்கம் போனாள். அங்கே நின்று, மழை விழத் தொடங்கும்வரை அழுதாள்.