மறுக்காத கடன்

அந்தக் கடன் கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் வெண்டல் அதற்கு விண்ணப்பித்தார். கிடங்கின் சாப்பாட்டு அறையில், பாதி தின்ற கோழி சாண்ட்விச் ஒரு கையில் இருக்க, மறுகைக் கட்டைவிரலால் கைபேசியில் கடைசிப் பொத்தானை அழுத்தினார்.

யோசனை லானியுடையது. வெண்டலோடு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன்.

"உன் சம்பளத்துக்கு எவன் குடுப்பான்? முடியாதுன்னு வரும். அதை அப்படியே புள்ளகிட்ட காட்டு. நான் தயார், அரசாங்கம்தான் மாட்டேங்குதுன்னு சொல்லிடு. பழி உன் தலைல விழாது. என் பையன் விஷயத்துல நான் அப்படித்தான் தப்பிச்சேன்."

வெண்டலின் மகள் கேரிஸுக்குச் சிகாகோவில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. எண்களை வைத்து வியாபாரத்தை அலசும் படிப்பு. உதவித்தொகை எல்லாம் போக, நான்கு வருடத்துக்குப் பெற்றவர் வாங்க வேண்டிய கடன் ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம் டாலர். ஒஹாயோவிலேயே, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதே படிப்புக்குக் கால்வாசிகூட ஆகாது.

"படிச்சு முடிச்சதும் அறுபத்தெட்டாயிரம் சம்பளம்ப்பா. பத்து வருஷத்துல நானே கட்டி முடிச்சுடுவேன்" என்று பனிக்காலத்திலேயே கேரிஸ் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். இருபத்தாறு வருட வேலைக்குப் பிறகு வெண்டல் வாங்குவது நாற்பத்தேழாயிரம். அந்தச் சம்பளம் அவளுக்குக் கிடைக்காமல் போனால்? கடன் இருப்பது அவர் பெயரில். வயது ஐம்பத்தேழு. ஆனால் கேரிஸின் அம்மா வேறொருவரோடு அரிசோனாவுக்குப் போன வீடு அது. அந்தப் பிள்ளைக்கு இன்னொரு 'இல்லை'யைத் தன் வாயால் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. பனிக்காலம் முழுக்க "பாக்கலாம்" என்றே ஓட்டினார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதில் வந்துவிட்டது. அனுமதி, முழுத் தொகைக்கும்.

லானி கைபேசியை வாங்கி இரண்டு தடவை படித்தான். "அட, உனக்குப் பழைய பாக்கி எதுவும் கிடையாதா?"

"இதுவரைக்கும் ஒரு தவணை தவறினதில்ல."

"அதான். நான் வண்டித் தவணைய ஏமாத்தினவன், அதனால மாட்டேன்னுட்டான். இவனுங்க சம்பளத்தையே பாக்கறதில்ல போல. நாணயஸ்தனா இருந்து மாட்டிக்கிட்ட போ."

சாண்ட்விச்சின் மீதி குப்பைக்குப் போனது.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு பனியன்கள் கிடந்தன. மறுநாள் மே முதல் தேதி. கடைசி வருடப் பிள்ளைகள் எல்லாரும் தாங்கள் சேரப்போகும் கல்லூரியின் பெயர் போட்ட பனியனோடு பள்ளிக்குப் போகும் நாள். சிவப்பு, சிகாகோவில் கேரிஸ் காசு கொடுத்து வாங்கியது. சாம்பல் நிறம், மாநிலப் பல்கலைக்கழகம் இலவசமாக அனுப்பியது. அது இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"முடியாதுன்னுட்டாங்கம்மா." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

அவள் அழுவாள் என்று நினைத்திருந்தார். அவள் கணினியைத் திறந்தாள். "பரவால்லப்பா. பெத்தவங்களுக்கு மறுத்துட்டா புள்ள பேர்ல கொஞ்சம் கூடுதலா குடுப்பாங்க. மிச்சத்துக்கு பேங்க்ல கேட்டுப் பாக்கறேன். அவங்க மறுத்த கடிதத்தை எனக்கு அனுப்புங்க, அதை இன்னைக்கே காலேஜுக்கு அனுப்பணும்."

வெண்டல் கைபேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். திரும்பவும் வைத்தார்.

"அப்பா?"

"மறுக்கல. குடுத்துட்டாங்க. முழுசா." அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வேண்டாம்னு சொல்றது நான்தான். பயமா இருக்கும்மா."

கேரிஸ் கணினியை மூடினாள்.

"எப்போலேருந்து?"

"நீ கணக்கு காட்டின அன்னைலேருந்து."

"ஜனவரிப்பா அது." குரல் உயரவே இல்லை, அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. "அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன். மாநிலப் பல்கலைக்கழகத்துல வருஷம் ஆறாயிரம் உதவித்தொகை தர்றோம்னாங்க. ஏப்ரல் பாதிக்குள்ள சரின்னு சொல்லணும். நீங்க பாக்கலாம் பாக்கலாம்னு சொன்னதால நான் அதை விட்டுட்டேன்."

அவருக்கு அது தெரியாது. ஆறாயிரத்தை நாலால் பெருக்க அவருக்கும் கணினி தேவைப்படவில்லை. கடனுக்குப் பயந்து வாயை மூடியிருந்ததற்கு விலை இருபத்து நாலாயிரம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் மெதுவாக.

"சொன்னா நீங்க சிகாகோ வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன்" என்றாள்.

சிவப்புப் பனியனை மடித்தாள். ஓரங்களைச் சரிபார்த்து, ஒரு தடவை பிரித்து மறுபடியும் மடித்தாள். பிறகு சாம்பல் நிறத்தை எடுத்து உதறி, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். மடிப்புக் கோடுகள் மார்பில் சிலுவையாக நின்றன.

"மாநிலத்துக்கு முன்பணம் இருநூறு டாலர். இன்னைக்குக் கட்டணும்" என்றாள், சுவரைப் பார்த்தபடி. "பாக்கலாம்னு சொல்லாதீங்க."

"கட்டறேன்" என்றார் வெண்டல், அவள் முடிப்பதற்குள்.