மூலை பார்த்தாச்சா?

மேசை முழுக்க வளையங்கள். அக்காவிடம் நான்கு லென்ஸ்கள். நான்கின் வாயும் நான்கு அளவு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஃபில்டர் வாங்கினால் பெட்டியைத் தூக்க ஆள் வைக்க வேண்டியதுதான். அதனால் பெரிய ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் ஒரே அளவில் சதுர ஃபில்டர்களை வாங்கி, ஒரு சட்டத்தில் செருகி, அந்தச் சட்டத்தை அளவுக்கொரு வளையம் போட்டு எல்லா லென்ஸிலும் மாட்டுவார்கள். சட்டத்துக்கு முன்னால் துருத்தி மாதிரி நீளுகிற ஹூட். வெயிலில் நாம் கண்ணுக்கு மேல் கையை வைப்போம் அல்லவா, லென்ஸுக்கு அந்தக் கை இதுதான்.

பழைய துருத்தி மடிப்பில் கிழிந்துவிட்டது. அக்கா படம் எடுப்பாள். சாமான்கள் சின்னவள் பொறுப்பு. புதியதைத் தேர்ந்தெடுப்பதும் அவள்தான்.

"இதுல என்னடி இவ்வளவு ஆராய்ச்சி? பொண்ணு பாக்கப் போனவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க. பழசு மாதிரியே இன்னொண்ணு சொல்லிடு."

"இல்லக்கா, இதைவிட அகலமா ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். ஹூட் குட்டை. மேல்பக்கத்தை மட்டும் தனியாத் தூக்கிவிடலாம்."

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தாள். "இது செங்கல் கனம் கனக்கும். யாரு தூக்குறது, உங்க அத்தானா? அவருக்குக் காய்கறிப் பை தூக்கினாலே இடுப்பு பிடிச்சுக்கும். பழசு என்ன தப்பு பண்ணுச்சு, சொல்லு."

சின்னவள் வளையங்களை அளவுவாரியாக அடுக்கத் தொடங்கினாள். எதைக் கேட்டாலும் ஆணிவேர் வரைக்கும் விளக்குகிறவள். குக்கர் விசில் ஏன் அடிக்கிறது என்று கேட்டால் சோறு ஆறிப்போகும்வரை பேசுவாள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதிலைத் தள்ளிப்போட்டாள். ஏனென்றால் அந்தப் பதிலுக்குள் ரயில் நிலையப் படம் இருந்தது.

பழைய ரயில் நிலையத்தின் முகப்பு அது. இரண்டு ஓரத்திலும் ஓட்டுக் கூம்புகள். கூம்புகளைக் கழற்றப் போகிறார்கள் என்று தெரிந்து, சாரம் கட்டுவதற்கு முதல் நாள் போனார்கள். உயரமான கட்டிடத்துக்குக் கேமராவை மேல்நோக்கித் திருப்பினால் படத்தில் சுவர்கள் பின்னால் சாய்ந்துவிடும். அதனால் கேமராவை நேராக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவாள் அக்கா. அப்போது கூம்பின் வெளிச்சம் மேலிருந்து சரிவாக வரும். ஹூட் நீளமாக இருந்தால் அதன் மேல் விளிம்பு குறுக்கே நின்று படத்தின் மூலையைத் தின்றுவிடும்.

தின்கிறதா என்று பார்க்க வழி உண்டு. கேமராவின் பின்னால் படம் விழுகிற மங்கல் கண்ணாடியின் நான்கு மூலையும் வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தால் லென்ஸின் துவாரம் தெரியும். முழு வட்டமாகத் தெரிந்தால் பிழையில்லை. கடித்த பிஸ்கட் மாதிரி தெரிந்தால் ஹூட்டைச் சுருக்க வேண்டும்.

சின்னவள் பார்த்தாள், வட்டம்தான். பிறகு அக்கா, "இன்னும் கொஞ்சம் ஏத்துறேன்" என்று லென்ஸை மேலும் உயர்த்தினாள். வெயில் வேறு திரும்பிக்கொண்டிருந்தது. "மூலை பார்த்தாச்சா?" என்று கேட்டாள். மறுபடி குனியச் சின்னவளுக்குச் சோம்பல். "பாத்துட்டேன்க்கா."

பொய் என்றும் சொல்ல முடியாத பொய்.

இந்தக் கேமராவுக்கு ஃபிலிம் தனித்தனித் தாளாகத்தான். கழுவி வந்தபோது எல்லாத் தாளிலும் இரண்டு கூம்பும் மொட்டையாக இருந்தன. சின்னவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அக்காவுக்குத் தங்கை மூலை பார்த்துவிட்டாள் என்கிற நம்பிக்கை. அதனால் சந்தேகம் ஃபிலிம் கழுவிய லேப் அண்ணன் பக்கம் திரும்பியது. கழுவும்போது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூலைக்கு மருந்து போயிருக்காது என்றாள். லேபிலேயே, நாலு பேர் நிற்கும்போது சொன்னாள். அவரும் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கலாம்மா, ஒட்டியிருக்கலாம்" என்று தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற சின்னவள் தரையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அக்காவின் ஃபிலிம் வேறு ஊர் லேபுக்குப் போகிறது.

"என்னடி, பழசு என்ன தப்பு பண்ணுச்சுன்னு கேட்டேனே?" என்றாள் அக்கா மறுபடி.

பழையது மாதிரியே ஒன்று சொல்லிவிட்டால் போதும். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அதை மாட்டும்போதும் அந்தக் குனிந்த தலை கண்முன் வரும்.

"பழசு தப்பு பண்ணலக்கா. நான்தான் பண்ணேன்."

நடந்ததை முழுக்கச் சொல்லி முடித்தபோது அக்கா ஒரு வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுஷனை நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டேனேடி" என்றாள். "என் வாயை என்ன செய்யுறது? நான் அப்புறம் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன். முதல்ல நீ போ. தனியாப் போ."

சின்னவள் கேமராவையும் முக்காலியையும் கிழிந்த ஹூட்டையும் தூக்கிக்கொண்டு அந்த அண்ணனின் லேபுக்குப் போனாள்.

லேபில் கொடி முழுக்க வெறும் சாம்பல் நிறத் தாள்கள் தொங்கின. படம் எதுவும் இல்லை. ஒரே சீரான வெளிச்சம் காட்டிக் கழுவிய சோதனைத் தாள்கள்.

"இதெல்லாம் என்னண்ணே?"

"மூலை எங்க தப்புதுன்னு பாக்குறேன். எவ்வளவு கழுவினாலும் சரியாத்தான் வருது. அதான் பயமா இருக்கு. எப்போ தப்பும்னே தெரியலையே. இப்போ ஒவ்வொரு தாளாத்தான் தட்டுல போடுறேன். வேலை நத்தை மாதிரி நகருது."

அவள் கேமராவை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினாள். லென்ஸை உயர்த்தினாள். துருத்தியின் கிழிசலில் டேப்பை ஒட்டி, அன்றைக்கு நீட்டிய அளவுக்கே நீட்டினாள்.

"கீழ் மூலைல கண்ணை வெச்சுப் பாருங்கண்ணே. படம் தலைகீழாத்தானே விழும், அதனால மேல இருக்குறது கீழ வரும்."

அவர் குனிந்தார். ஒரு மூலை, பிறகு மறு மூலை.

"வட்டமா இல்லையே."

"ஆமாண்ணே. அக்கா லென்ஸை ஏத்தினதுக்கு அப்புறம் நான் பாக்கல. பாத்துட்டேன்னு சொல்லிட்டேன். உங்க கை மேல தப்பே இல்ல."

"உனக்கு எப்போ தெரியும்?"

"நெகட்டிவைப் பாத்த உடனே."

அவர் கொடியில் தொங்கிய தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கத் தொடங்கினார். அவள் உதவிக்குக் கை நீட்டினாள். "வேணாம்" என்றார்.

"மன்னிச்சிடுங்கண்ணே."

"இங்க யாருமே இல்லாதப்ப வந்து சொல்றே. அன்னைக்குக் கூட்டம் இருந்துச்சு. கல்யாண ஸ்டுடியோக்காரர், எதிர்க்கடை ஃப்ரேம்காரர், பத்திரிகைத் தம்பி, அவனோட சிநேகிதன். அதுக்கப்புறம் ஸ்டுடியோக்காரர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

"நான் போய்ச் சொல்றேன்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். "ஃப்ரேம் கடை திறந்துதான் இருக்கு."

சின்னவள் கேமராவை மடிக்கப் போனாள். பிறகு மடிக்காமல், ஹூட்டை நீட்டியபடியே, முக்காலியோடு சேர்த்துத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். ஃப்ரேம் கடைக்காரர் ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டு, "என்னம்மா, கடைக்குள்ள பீரங்கியைக் கொண்டுவர்றே?" என்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்" என்றாள்.