முதல் கிழங்கு

வசந்தத்தை வரவேற்கும் நாளில் பூங்காவின் குடும்ப நடைக்கு வருகிறவர்கள் நடப்பதற்காக வருவதில்லை. ஒன்பது வருடமாக வழிகாட்டியாக இருக்கும் தாவுஸுக்கு இது தெரியாதா என்ன. புது உடுப்புப் போட்ட பிள்ளைகளைப் புல்லில் உருட்டிவிட வேண்டும், அவித்த முட்டையை உரித்துத் தின்ன வேண்டும், இரண்டு கை நிறையப் பூ பறிக்க வேண்டும். வழிகாட்டி என்பவள் அவர்களுக்கு முன்னால் போகிற ஒரு பச்சைச் சட்டை, அவ்வளவுதான். பறவையைக் காட்டினால் பத்துப் பேரில் எட்டுப் பேர் கையைத்தான் பார்ப்பார்கள்.

அன்று எட்டுக் குடும்பங்கள் வந்திருந்தன. மலைமுகட்டில் பனி இன்னும் விட்டபாடில்லை; கீழ்ச்சரிவில் வாதுமை மரங்கள் அவசரப்பட்டுப் பூத்துவிட்டிருந்தன. எல்லோரையும் பூங்காவின் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவள் கணவன் அக்லி. மற்ற டிரைவர்கள் மதியச் சாப்பாடு முடிந்ததும் சீட்டைச் சாய்த்துக்கொண்டு குறட்டை விடுவார்கள். அக்லி வேனைச் சுற்றிச் சுற்றி நடப்பான். பகலில் அவன் கண்ணை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது.

வேனை விட்டு இறங்கிய இடத்திலேயே தாவுஸ் எல்லோரையும் நிறுத்தினாள். தரையோடு தரையாக இரண்டு முட்செடிகள் அருகருகே விரிந்திருந்தன.

"இது தாகா. நம்ம வீட்டுல கூஸ்கூஸ் குழம்புல போடுறது. எல்லாருக்கும் தெரியும். பக்கத்துல இருக்கே, இது அத்தாத். தண்டே கிடையாது. போன வருஷத்துப் பூ காஞ்சு நடுவுல மண்ணோட ஒட்டிக் கிடக்கும், பாருங்க. இதோட கிழங்கு விஷம். தின்னதும் ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் கழிச்சுத்தான் தெரியும். அப்போ ஈரல் போயிருக்கும்."

"எங்க வீட்டுக்காரி சமைக்கிறதும் மறுநாள்தாம்மா தெரியும்," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் பெலைத். அவர் மனைவி முட்டைக் கூடையால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தாவுஸ் சிரிப்பு அடங்கக் காத்திருந்துவிட்டு, எப்போதும் சொல்வதைச் சொன்னாள். "இந்தப் பக்கத்துல ஒரு பையன், அஞ்சு வயசு, யாரும் பார்க்காத நேரத்துல தானே தோண்டித் தின்னுட்டான். பிழைக்கல."

அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் அக்லி குனிந்து டயரைப் பார்ப்பான். இன்றும் பார்த்தான். அந்தப் பையன் அவர்களுடைய மகன் மாசின். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே நாளில், இந்தச் சரிவில்தான், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அக்லி ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் கண்ணயர்ந்துவிட்டான். ஊருக்குத் தெரிந்த கதை இதுதான். அக்லிக்குத் தெரிந்ததும் இதுதான்.

புல்வெளிக்குப் போனதும் பிள்ளைகள் வழக்கப்படி உருளத் தொடங்கினார்கள். பூக்களின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட தாவுஸ் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாள். அப்போதுதான் ஜிஜிகாவைப் பார்த்தாள்.

ஜிஜிகா தலைநகரிலிருந்து வந்தவள். கணவனின் ஊர் இந்த மலையில். காலையிலிருந்தே அவள் தன் மகள் சிலியாவிடம் ஒவ்வொரு செடிக்கும் தாவுஸுக்கு முந்திப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள், பாதி தப்பு. வசந்த நாளில் தாய் தன் கையால் தாகாவின் இளங்கிழங்கைத் தோண்டி, உரித்து, முதல் துண்டைப் பிள்ளையின் வாயில் வைப்பது இந்த மலைப் பெண்களின் வழக்கம். வெளியூரிலிருந்து வாழ வந்தவளுக்கு அதைச் செய்து காட்டிவிட வேண்டும் என்று ஒரு வேகம் இருக்கும். தாவுஸுக்கு அந்த வேகம் தெரியும். அவளும் தலைநகரிலிருந்து வந்தவள்தான்.

ஜிஜிகாவின் மடியில் வெள்ளையாக உரித்த கிழங்கு கிடந்தது. அவள் காலடியில், அறுத்தெறிந்த இலைகளுக்கு நடுவே, காய்ந்துபோன ஒரு பூந்தலை. குழந்தையின் கன்னம் உப்பி அசைந்துகொண்டிருந்தது.

தாவுஸ் ஓடிப்போய்க் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு மென்றதை வழித்தெடுத்தாள். குழந்தை ஓவென்று அழுதது.

"என்னக்கா இது, பிள்ளையைப் போய்?" ஜிஜிகா எழுந்துவிட்டாள். "பூங்காவுல செடி புடுங்கக் கூடாது, அதானே? ஒரே ஒரு கிழங்கு. அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"எத்தனை துண்டு முழுங்குனா?"

"ரெண்டு. தாகாதான் அது. எனக்குத் தெரியாதா? என் மாமியார் காட்டிக் குடுத்த செடி."

"அத்தாத் இது. அந்தக் காஞ்ச பூவைப் பாரு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், கிளம்பு."

ஜிஜிகா காலடியில் கிடந்த பூந்தலையைப் பார்த்தாள். முகம் ஒரு நொடி வெளிறியது. பிறகு சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். அந்த வெளிறல் வீம்பாக மாறிவிட்டது. "அது பக்கத்துச் செடியோடது. இதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. சிலியாவைப் பாருங்க, என்ன ஆச்சு அவளுக்கு? ஆஸ்பத்திரி ஒரு மணி நேரம். வயித்துல குழாய் விடுவாங்க. சும்மா இருக்கிற பிள்ளையை எதுக்கு அங்க படுத்தணும்? வயித்து வலி கிலின்னு சொன்னா, நானே தூக்கிட்டு ஓட மாட்டேனா?"

சிலியா அழுகையை நிறுத்திவிட்டு மறுபடி புல்லில் உருளப் போயிருந்தாள். "பிள்ளை நல்லாத்தானே இருக்கு," என்றாள் ஒருத்தி. கூச்சல் கேட்டு அக்லி வேனிலிருந்து ஏறி வந்து தாவுஸின் பின்னால் நின்றான்.

பேசிக்கொண்டே இருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும். தாவுஸுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அவனை வேனை எடுக்கச் சொல்லிக் கீழே அனுப்பிவிட்டுப் பேசலாம். ஒரு வாக்கியம் போதும். அவள் வாயைத் திறந்தாள். அந்த வாக்கியம் வரவில்லை. அவன் போய்ச் சேரும்வரை காத்திருக்க நேரமும் இல்லை. பதினோரு வருடமாக அவனுக்குச் செய்ததற்கு மேல் இன்னொன்றையும் செய்ய அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"காலையில ஒரு பையனைப் பத்திச் சொன்னேன்ல," என்றாள். "தானே தோண்டித் தின்னான்னு. பொய். அவன் என் பையன். நான்தான் தோண்டினேன். நான்தான் உரிச்சேன். தாகான்னு நினைச்சு என் கையால அவன் வாயில வெச்சேன். அவன் அப்பா தூங்கிட்டிருந்தாரு. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் என் பையன் இந்தப் புல்லுலதான் உருண்டான். உன் பொண்ணை மாதிரியே, சிரிச்சுக்கிட்டு. மறுநாள் மத்தியானம் வாந்தி எடுத்தான். மூணாம் நாள் போயிட்டான். வயித்து வலி வரட்டும்னு நீ பார்த்துக்கிட்டு இருந்தா, அப்புறம் தூக்கிட்டு ஓடுறதுக்கு ஒண்ணும் இருக்காது தங்கச்சி."

ஜிஜிகா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாவுஸ் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

தாவுஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அக்லி அவளைத் தாண்டிப் போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினான். மற்றவர்களைப் பார்த்துக்கொள்வதாக பெலைத் கையைக் காட்டினார்.

மலைப்பாதை முழுக்க வளைவுகள். அக்லி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தான். பின்சீட்டில் ஜிஜிகா மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னென்னவோ பிரார்த்தனைகளை மாற்றி மாற்றிச் சொன்னாள். "இன்னும் வேணும்மா, இனிப்பா இருந்துச்சு," என்றது குழந்தை. தாவுஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் வயிற்றைக் கழுவிக் கரியைக் கரைத்துக் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "நேரத்துக்கு வந்துட்டீங்க. நாளைக்கு வரைக்கும் ரத்தம் பார்க்கணும். ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு. இவ்வளவு சீக்கிரம் யாருமே கொண்டு வர்றதில்லை. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஜிஜிகா தாவுஸைப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே சிலியா கறுத்த உதட்டோடு முட்டை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்லி நடையோரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தாவுஸ் அவன் பக்கத்தில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு, உட்கார்ந்தாள். அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்த வேண்டும் என்றும் அவளுக்கு இருந்தது.

"பிள்ளையோட யாரு இருந்தீங்கன்னு அன்னைக்கு டாக்டர் கேட்டாரு," என்றான். "நான்தான் இருந்தேன், தூங்கிட்டேன்னு சொன்னேன். நீ என் பக்கத்துலதான் நின்னே."

"ஆமா."

"எங்கம்மா சாகுற வரைக்கும் எனக்கு முகம் குடுத்துப் பேசல."

"தெரியும்."

"தெரியும்." அவன் அந்தச் சொல்லை மறுபடி சொல்லிப் பார்த்தான். "குடுத்தப்ப என்ன சொன்னான்?"

"யாரு?"

"மாசின்."

"இனிக்குதுன்னான். இன்னும் கேட்டான். அப்பாவுக்கும் ஒரு துண்டு வெக்கணும்னான். எழுப்பாதே, அவர் தூங்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

அக்லி தலையை ஆட்டினான். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை; கேட்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது.

ஜன்னல் வழியாக மதிய வெயில் பெஞ்சில் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் தலை பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தது. மயக்கமோ என்று பயந்து தாவுஸ் குனிந்து பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு நிதானமாக வந்துகொண்டிருந்தது.

நர்ஸ் ஒருத்தி வேகமாக வந்தாள். "வாசல்ல நிக்கிற வேன் இவருதா? ஆம்புலன்ஸ் உள்ள வரணும். எழுப்புங்க அவரை."

தாவுஸ் எழுந்து அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை மெதுவாக உருவினாள்.

"நானே எடுக்கிறேம்மா," என்றாள். "அவர் தூங்கட்டும்."